வயதான அப்பாவை அமெரிக்காவில் நெடுந்தூரக் கார்ப் பயணம் கூட்டிப் போகலாமா?

உங்கள் கேள்வியைப் படித்ததும் மற்ற வேலையை ஓரமாக வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அப்பாவுக்கு 70 வயது, ஆறு மாதம் தங்க வந்திருக்கிறார், இரண்டு மாதமாக வீட்டுக்குள்ளேயே இருக்கிறார். சிகாகோவிலிருந்து சவுத் டகோட்டா வரை காரில் கூட்டிப் போக உங்களுக்கு ஆசை. சொந்தக்காரர்களோ "வயசானவரை ஏன் வதைக்கிறே, நயாகராவைக் காட்டி அனுப்பிவிடு" என்கிறார்கள். இதே வார்த்தைகளை நானும் கேட்டேன். கூடுதலாக, "பொம்பளை தனியா அத்தனை தூரம் ஓட்டுவியா?" என்றும் கேட்டார்கள்.

போகலாம். கட்டாயம் போங்கள். 2019 ஜூனில் நான் அப்பாவையும் ஒன்பது வயது மகனையும் ஏற்றிக்கொண்டு சிகாகோ பக்கத்தில் இருக்கும் நேப்பர்வில்லில் இருந்து கிளம்பி, ஒன்பது நாளில் சுமார் 3,500 கிலோமீட்டர் போய் வந்தேன். கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. அப்பாவுக்கு அப்போது 71. ரத்த அழுத்தம் உண்டு, முழங்கால் வலி உண்டு. டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் கிளம்பினேன், இதைப் படித்துவிட்டுச் சண்டைக்கு வருபவர்களுக்காக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி நடக்க வைக்கச் சொன்னார், தண்ணீர் குடிக்க வைக்கச் சொன்னார். ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது என்பது நானாக வைத்துக்கொண்ட கணக்கு.

என் அப்பா லாரி டிரைவர். நாமக்கல்லில் இருந்து நேஷனல் பெர்மிட் வண்டியில் 34 வருடம் பம்பாய், நாக்பூர், கல்கத்தா என்று ஓட்டியவர். அம்மா போய் இரண்டு வருடம் கழித்து எங்களோடு இருக்க வந்தார். இங்கே வந்து ஜன்னல் ஓரம் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, தெருவில் போகும் குப்பை லாரியைப் பார்ப்பதுதான் அவருக்குப் பொழுதுபோக்கு. உங்கள் அப்பாவும் அப்படித்தான் இருப்பார் என்று நினைக்கிறேன். டிரைவராக இருந்திருக்க வேண்டியதில்லை. வாழ்நாள் முழுக்க காலையில் வெளியே போய்ப் பழகிய மனிதரை நாற்காலியில் உட்கார வைத்தால் எல்லாருக்கும் அதே முகம்தான்.

முதல் நாள் இரண்டரை மணி நேர ஓட்டத்தில் ஐயோவா மாநிலம் வால்காட். அங்கே 80-ஆம் நெடுஞ்சாலையின் ஓரத்தில் 'ஐயோவா 80' என்று ஒரு லாரி நிறுத்தம், உலகிலேயே பெரியது என்று போர்டு வைத்திருக்கிறார்கள். 1964-இல் தொடங்கியது. 900 லாரி நிற்கும். சாப்பாடு, டீசல் மட்டும் இல்லை. டிரைவர்கள் குளிக்கத் தனித்தனி அறை, துணி துவைக்கும் இடம், முடிவெட்டும் கடை, பல் டாக்டர் வரைக்கும் உள்ளேயே இருக்கிறது. பக்கத்தில் லாரி அருங்காட்சியகம், கட்டணம் கிடையாது. நூறு வருடத்துக்கு முந்தைய வண்டிகளைத் துடைத்துப் பளபளவென்று நிறுத்தியிருக்கிறார்கள். கெட்டி ரப்பர் டயர் போட்ட ஒரு வண்டியின் முன் அப்பா குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். முழங்கால் வலி என்று கோயிலில்கூட நின்றே கும்பிடுகிறவர் அவர். அடியில் எட்டிப் பார்த்து, "இதுல சங்கிலி போட்டு பின் சக்கரத்தை இழுத்திருக்கான் பாரு கண்ணு, சைக்கிள் மாதிரி" என்று காட்டினார்.

வெளியே வரும்போது ஒரு சர்தார்ஜி டிரைவர் எங்களைப் பார்த்துச் சிரித்தார். இங்கே லாரி ஓட்டும் பஞ்சாபிகள் ஏராளம். அப்பாவின் லாரி ஹிந்தியை நான் சின்ன வயதில் கேட்டது. அதற்கப்புறம் அன்றைக்குத்தான் கேட்டேன். ஒரு மணி நேரம் பேசினார்கள். அந்த ஆள் கையைப் பிடித்து அப்பாவை கேபினில் ஏற்றிவிட்டார். உள்ளே கட்டில், ஃப்ரிட்ஜ், மைக்ரோவேவ். அப்பாவுக்குப் பெரிய ஆச்சரியம் அது இல்லை. இங்கே சட்டப்படி 11 மணி நேரம் ஓட்டினால் வண்டியை நிறுத்தியாக வேண்டும், அடுத்து ஸ்டியரிங்கைத் தொட 10 மணி நேரம் தொடர்ந்து ஓய்வு எடுத்திருக்க வேண்டும், வண்டியில் பொருத்திய கருவியே கணக்கு எழுதுகிறது என்று அவர் சொன்னதும் அப்பா இரண்டு முறை திருப்பிக் கேட்டார். "முதலாளி ஒண்ணும் சொல்ல முடியாதா?" முடியாது என்றார் சர்தார்ஜி. அப்பா அந்தக் கருவியைக் கையால் தொட்டுப் பார்த்தார்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை, கேள்விக்குச் சம்பந்தம் இல்லை என்றாலும். எனக்கு வரன் பார்த்த காலத்தில் வந்தவர்கள் எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான்: "லாரி வெச்சிருக்காரா, ஓட்டறாரா?" ஓட்டுகிறார் என்றதும் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் போனவர்கள் மூன்று வீடு. அந்தக் காபித்தூளே அவர்கள் ஊருக்கு யாரோ ஒரு டிரைவர் ராத்திரி கண் முழித்துக் கொண்டுவந்ததுதான். விபத்து என்றால் முதலில் அடி வாங்குவது டிரைவர், செக்போஸ்டில் மாமூல் கொடுப்பது டிரைவர், குளிக்க இடமில்லாமல் பம்ப்செட் தேடி அலைவதும் அவர்தான். புது லாரிகளில் டிரைவர் கேபினுக்கு ஏசி கட்டாயம் என்பதே நம் ஊரில் 2025 அக்டோபரில்தான் வந்தது. அப்பா ஓட்டிய வருடங்களில் இன்ஜின் சூடு காலைச் சுட, ஈரச் சாக்கைப் போட்டுக்கொண்டு ஓட்டினார். வரன் பேச்சுகளுக்கு அப்புறம் நானும் கொஞ்ச நாள் "அப்பா டிரான்ஸ்போர்ட்டில் இருக்கார்" என்று மழுப்பியிருக்கிறேன். அதற்காக இன்றும் வருத்தப்படுகிறேன்.

சரி, பயணத்துக்கு வருகிறேன். இரண்டு பக்கமும் சோளக்காடு, முழங்கால் உயரத்துக்குப் பச்சை. அலுப்பாக இருக்கும் என்று எல்லாரும் பயமுறுத்தும் பகுதி அது. மகன் கேட்டான், "தாத்தா, இந்தியா ஃபுல்லா போயிருக்கீங்களே, என்னென்ன பாத்தீங்க?" அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. "பாக்கல சாமி. போனேன், வந்தேன்." அப்புறம் அவரே சொன்னார். பம்பாய் ரோட்டில் சித்ரதுர்கா வரும், மலை மேல் பெரிய கோட்டை, இருநூறு தடவையாவது அதன் அடியில் போயிருப்பேன், அங்கேயே டீசல் போட்டிருக்கேன், டயர் மாத்தியிருக்கேன், ஒரு நாள்கூட ஏறினதில்லை, லோடு நிக்குமே என்றார். அந்த நிமிடத்தில் என் திட்டத்தை மாற்றினேன். அவர் எங்கே "அது என்ன?" என்று கேட்கிறாரோ அங்கே நிறுத்துவது என்று முடிவு செய்தேன். நீங்களும் அதையே செய்யுங்கள். மணிக்கணக்குப் போட்டு அட்டவணை வைத்தால் அவர் மறுபடியும் லோடு ஏற்றிக்கொண்டு போகிற ஆளாகிவிடுவார்.

அப்படி நின்றதுதான் ஐயோவாவின் மேற்கு ஓரத்தில் சூ சிட்டி என்ற ஊருக்குப் பக்கத்தில், மிசௌரி ஆற்றைப் பார்த்த ஒரு குன்றில் நிற்கும் நூறடி உயரக் கல்தூண். லூயிஸ், கிளார்க் என்ற இருவர் தலைமையில் 1804-இல் மேற்கே வழி தேடிப்போன கூட்டத்தில் இறந்துபோனது ஒரே ஒருவர்தான், சார்ஜண்ட் ஃபிளாய்ட். வயது இருபதை ஒட்டித்தான். வயிற்று நோய், குடல்வால் வெடித்திருக்க வேண்டும் என்கிறார்கள். நான் படித்துச் சொன்னதும் அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். "வழியில செத்த பையனுக்கு இவ்வளவு செஞ்சிருக்காங்க" என்றார். கீழே இறங்கும் வரை வேறு பேச்சில்லை.

மிட்செல் என்ற ஊரில் 'சோள அரண்மனை' இருக்கிறது. 1892-இல் முதலில் கட்டியது, இப்போதிருக்கும் கட்டடம் 1921-ஐச் சேர்ந்தது. சுவர் முழுக்க பல நிறச் சோளக்கதிர்களைப் பாதியாகப் பிளந்து ஆணியடித்துச் சித்திரம் செய்கிறார்கள், வருடா வருடம் புதுசாக. மஞ்சள், கருஞ்சிவப்பு, நீலம், எல்லாம் கதிரின் சொந்த நிறம். நாமக்கல்காரருக்கு மக்காச்சோளம் என்றால் கோழித் தீவனம்தானே! அவர் ஓட்டிய லோடுகளில் பாதி அது. "தீவனத்துக்கு இப்படி ஒரு மரியாதையா" என்று சந்தோஷமாகச் சுற்றி வந்தார்.

சவுத் டகோட்டாவுக்குள் 90-ஆம் நெடுஞ்சாலையில் வேகவரம்பு மணிக்கு 80 மைல், நம் கணக்கில் கிட்டத்தட்ட 129 கிலோமீட்டர். நான் 70 மைலில்தான் போனேன். வழிநெடுக 'வால் டிரக்' கடையின் மரப்பலகை விளம்பரங்கள் (வால் என்பது ஊர்ப் பெயர், டிரக் என்றால் இங்கே மருந்து, லாரி இல்லை). 1931-இல் அந்தச் சின்ன ஊரில் மருந்துக்கடை வாங்கிய ஒரு குடும்பம், வியாபாரம் இல்லாமல் தவித்து, 1936-இல் கடை முதலாளியின் மனைவி யோசனைப்படி 'ஐஸ் தண்ணீர் இலவசம்' என்று ரோட்டில் பலகை நட்டது. கூட்டம் கொட்டிவிட்டது. இன்றைக்கும் தண்ணீர் இலவசம், காபி ஐந்து சென்ட். மகனுக்கு நான் விளக்க ஆரம்பித்தேன். அப்பா குறுக்கே வந்து, "தண்ணீர்ப் பந்தல்டா. வெயில்ல வர்றவனுக்குத் தண்ணி குடுத்தா அவன் அந்த ஊரை மறக்க மாட்டான்" என்று ஒரே வரியில் முடித்தார். அந்தக் காபியைக் குடித்துவிட்டு, டம்ளருக்கு அடியில் ஒரு டாலர் வைத்தார்.

ஒரு விஷயம் குறித்துக்கொள்ளுங்கள். மர்டோ என்ற ஊரைத் தாண்டியதும் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகும். அப்பாவின் மாத்திரைக்கு நான் சிகாகோ நேரத்தையே வைத்துக்கொண்டேன், அவர் கைக்கடிகாரத்தை மாற்றவே இல்லை.

பேட்லேண்ட்ஸ் தேசியப் பூங்காவில் இரண்டு நாள் இருந்தோம். படங்களில் பார்த்து ஏதோ பாறை என்று நினைத்திருந்தேன். பாறைகூட இல்லை, பாதி மண். புல்வெளி சமமாகப் போய்க்கொண்டே இருக்கும்போது திடீரென்று தரை அறுந்து, கீழே ஆயிரக்கணக்கான கூர்முனைகள், மஞ்சளும் சிவப்பும் சாம்பலும் வரிவரியாக. இந்தப் பகுதியின் பூர்வகுடிகளான லகோட்டா மக்கள் வைத்த பெயர் மாகோ சிகா, கெட்ட நிலம் என்று பொருள். மழை வருடத்துக்குச் சுமார் ஓர் அங்குலம் கரைத்துக்கொண்டு போகிறது. அதனால் புதைந்த எலும்புகள் தானாக வெளியே வருகின்றன. 2010-இல் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி, பார்வையாளர் மையத்துக்குப் பக்கத்திலேயே வாள்பல் விலங்கு ஒன்றின் மண்டையோட்டைக் கண்டுபிடித்துச் சொன்னாள். இதைக் கேட்டதில் இருந்து மகன் தலை நிமிரவே இல்லை. அப்பா ஒரு முகட்டில் கை வைத்தார், விரல்நுனியில் மாவு மாதிரி ஒட்டியது. தேய்த்து, முகர்ந்து பார்த்து, "கரையான் புத்து மண்ணு" என்றார். முழங்கால் வலிக்காரர்களுக்கும் மரப்பலகைப் பாதை இருக்கிறது. ஜன்னல் பாதையும் புதைபடிவப் பாதையும் ஒவ்வொன்றும் கால் மைல்தான். சாயங்காலம் போங்கள், வெயில் சாய்ந்தால்தான் வரிகள் எழுந்து நிற்கும்.

அங்கேதான் எனக்கு இன்றும் உறுத்தும் ஒன்று நடந்தது. சேஜ் கிரீக் பக்கம் ஒரு கப்பி ரோடு போகிறது. வண்டியே இல்லை. தூரத்தில் காட்டெருமை, பக்கத்தில் வளையிலிருந்து எட்டிப் பார்த்துக் கீச்சிடும் புல்வெளி நாய்கள் (நாய் இல்லை, அணில் இனம்). அப்பா மெதுவாகக் கேட்டார்: "கண்ணு, ஒரு கிலோமீட்டர் நான் ஓட்டட்டுமா?" இன்ஷூரன்ஸில் உங்க பேர் இல்லைங்கப்பா என்றேன். "சரி சரி" என்றார். அதற்கப்புறம் கேட்கவில்லை. சட்டப்படி நான் செய்தது சரி என்று எழுத வருபவர்கள் தயவுசெய்து எழுத வேண்டாம், எனக்கே தெரியும். கிளம்பும் முன்னாலேயே இன்ஷூரன்ஸ்காரர்களிடமும், எந்த மாநிலத்தில் என்ன விதி என்றும் விசாரித்து, முடிந்தால் அவர் பெயரைச் சேர்த்திருக்கலாம். அவர் ஓட்ட ஆசைப்படுவார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. உங்கள் அப்பா கார் ஓட்டுகிறவர் என்றால் இதை இப்போதே விசாரியுங்கள்.

மவுண்ட் ரஷ்மோர் பற்றி எல்லாரும் எழுதுவார்கள், நான் சுருக்கமாகச் சொல்கிறேன். 1927 முதல் 1941 வரை சுமார் 400 பேர் வேலை செய்து, பெரும்பாலும் டைனமைட் வைத்தே செதுக்கிய நான்கு ஜனாதிபதி முகங்கள், ஒவ்வொன்றும் 60 அடி. நுழைவுக் கட்டணம் இல்லை, வண்டி நிறுத்தப் பத்து டாலர். அப்பா பார்த்துவிட்டு "மலை யாருது?" என்று கேட்டார். லகோட்டா மக்களுடையது, 1868 ஒப்பந்தத்தில் அமெரிக்க அரசு அவர்களுக்கே என்று எழுதிக் கொடுத்தது, தங்கம் கிடைத்ததும் பிடுங்கிக்கொண்டது, 1980-இல் உச்ச நீதிமன்றமே நஷ்டஈடு கொடுக்கச் சொல்லியும் எங்களுக்குப் பணம் வேண்டாம் மலைதான் வேண்டும் என்று அவர்கள் வாங்க மறுத்துவிட்டார்கள் என்று சொன்னேன். "அப்புறம் எப்படி வாங்குவாங்க" என்றார். நாங்கள் அங்கே அரை மணி நேரம்கூட இருக்கவில்லை. பக்கத்தில் லகோட்டா வீரர் கிரேஸி ஹார்ஸுக்கு 1948 முதல் ஒரு மலையைச் செதுக்கிக்கொண்டிருக்கிறார்கள், முகம் முடிந்ததே 1998-இல்தான். அங்கே கூடுதலாக நின்றோம்.

கஸ்டர் மாநிலப் பூங்காவில் நீடில்ஸ் ரோடு போங்கள். ஊசி ஊசியாகக் கருங்கல் நிற்கும் நடுவே ஒரு வண்டி மட்டும் நுழையும் குகைப்பாதை, அகலம் 8 அடிதான். வாயில் வரை போனதும் எனக்குக் கை வியர்த்துவிட்டது. பின்னால் வரிசையாக மோட்டார் சைக்கிள்கள். அப்பா ஒன்றும் சொல்லாமல் கதவைத் திறந்து இறங்கினார். குகைக்குள் முன்னால் போய் என்னைப் பார்த்து நின்று, இரண்டு கையையும் தூக்கினார். "வரட்டும்... வரட்டும்... ரைட்ல ஒடி... போதும், நேராக்கு... வரட்டும்..." உள்ளங்கை இரண்டும் என் இரண்டு கண்ணாடிக்கு நேராக, பின்பக்கமாகவே நடந்து போகிறார். அவருடைய 34 வருடத்தில் எத்தனையோ கிளீனர் பையன்கள் அவருக்கு இப்படிக் கை காட்டியிருப்பார்கள். நான் கல்லைப் பார்க்கவில்லை, அந்த இரண்டு கையை மட்டும் பார்த்து ஓட்டினேன். வெளிச்சத்துக்கு வந்ததும் பானட்டில் இரண்டு தட்டுத் தட்டி "ரைட், போலாம்" என்றார். மோட்டார் சைக்கிள்காரர்கள் கை தட்டினார்கள். (ஆகஸ்ட் முதல் பாதியில் போகாதீர்கள். பக்கத்து ஊர் ஸ்டர்ஜிஸில் பெரிய மோட்டார் சைக்கிள் திருவிழா, அறை விலை எகிறிவிடும்.)

மற்றபடி சின்னக் குறிப்புகள்: தேசியப் பூங்காக்களின் மூத்தோர் பாஸ் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும்தான், விசாவில் வந்த அப்பாவுக்குக் கிடைக்காது. என் பெயரில் வருட பாஸ் எடுத்தேன், 2019-இல் 80 டாலர், வண்டியில் இருந்த எல்லாருக்கும் அதுவே போதுமாக இருந்தது. சின்ன ரைஸ் குக்கர், புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி போதும், சாப்பாட்டுப் பிரச்சினை இல்லை. மருத்துவ இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது பழைய நோய் திடீரென்று கூடினால் தருவார்களா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஆறாம் நாள் அப்பாவுக்குத் தலைசுற்றி ஒரு கிளினிக்குக்குப் போனோம். அழுத்தம் கொஞ்சம் கூடியிருந்தது, அரை நாள் ஓய்வில் சரியாகிவிட்டது. ஆனால் இன்ஷூரன்ஸ் கம்பெனி "ஏற்கனவே இருந்த நோய்" என்று கையை விரித்துவிட்டது. நான் கைக்காசில் கட்டினேன். இதைச் சொன்னால் "பாத்தியா, நாங்க அப்பவே சொன்னோம்" என்று நாலு பேர் வருவார்கள். அந்தத் தலைசுற்றல் வீட்டு நாற்காலியிலும் வந்திருக்கும்.

ஊருக்குத் திரும்பியதும் அப்பா டீக்கடையில் சொன்னது நாலு முகத்தைப் பற்றி இல்லை, 11 மணி நேரச் சட்டத்தைப் பற்றியும் அந்த சர்தார்ஜியின் கட்டிலைப் பற்றியும்தான் என்று தம்பி சொன்னான்.

2022-இல் நான் நாமக்கல் போனபோது வாடகைக் கார் எடுத்து சித்ரதுர்கா போனோம். ஏழு சுற்று மதில் உள்ள கோட்டை. உலக்கையால் ஹைதர் அலியின் ஆட்களை அடித்துப்போட்டதாகச் சொல்லப்படும் ஓபவ்வா என்ற பெண் நின்ற பாறைப் பிளவு வரை மெதுவாக நடந்தார், நடுவில் நான்கு இடத்தில் உட்கார்ந்தார். அதற்கு மேல் முடியவில்லை. திரும்பும் வழியில் ஒரு மதில் மேட்டில் நின்றுகொண்டு கீழே பார்த்தார். தூரத்தில் நெடுஞ்சாலையில் லாரிகள் தீப்பெட்டி மாதிரி போய்க்கொண்டிருந்தன. விரலை நீட்டி, "அதோ, அந்த வளைவு தாண்டி ஒரு பங்க் இருக்கும் கண்ணு, அங்கதான் டீசல் போடுவேன்" என்றார். எனக்கு எதுவும் தெரியவில்லை, ஆனாலும் அவர் காட்டிய பக்கமே பார்த்துக்கொண்டு நின்றேன்.